பாசிர் ரிஸ் ரயிலின் ஓட்டுநர் பிரசாந்தி

பிரசாந்தி வேலை பார்த்த கப்பல் நிறுவனம் தன் அலுவலகத்தை வேறு நாட்டுக்கு மாற்றிக்கொண்டதில் வேலை போனபோது அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. படித்து முடித்த நாளிலிருந்து மேசை, கணினி, தொலைபேசி என்றே பழகியவள். ரயில் ஓட்டுநர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற விளம்பரத்தைப் பாசிர் ரிஸ் ரயில் நிலையத்தில் பார்த்துவிட்டு, அங்கேயே நின்று கைபேசியில் விண்ணப்பித்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் கணவர் சுஜீந்திரனிடம் சொன்னாள். அவர் சோற்றில் கைவைத்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"நீ கார் பார்க் பண்ணவே பயப்படுவியே."

"ரயிலை யாரும் பார்க் பண்ணச் சொல்ல மாட்டாங்க."

அவர் சிரித்துவிட்டார். புக்கிட் பாத்தோக் பகுதியில் இருந்த அவளுடைய அப்பா அம்பலவாணர் சிரிக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர் வேலைக்கென்று வந்த குடும்பம். அவரும் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். "நம்ம வீட்டுல யாரும் வண்டி ஓட்டிப் பிழைச்சதில்ல," என்றார்.

வேலை கிடைத்தது. பயிற்சியில் பிரசாந்தியைவிட வயதில் மிகவும் இளையவள் ரஷீதா. ஆனால் அவள்தான் பயிற்றுநர். வழக்கமான நேரத்தில் ரயிலைக் கணினியே ஓட்டிக்கொண்டு போகும். ஏதாவது தகராறு வந்தால்தான் ஓட்டுநரின் சாமர்த்தியம் தெரியும். அந்தத் தகராறுகளைச் செயற்கையாக உண்டாக்கிச் சோதித்தார்கள். முதல் தேர்வில் எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் பிரசாந்திக்குக் கை ஓடவில்லை. தோற்றுப்போனாள்.

"எல்லாம் உங்களுக்குத் தெரியும்க்கா," என்றாள் ரஷீதா. "ஆனா கை போறதுக்கு முன்னாடி என் மூஞ்சியப் பாக்குறீங்க. ரயில் ஓட்டுற கேபின்ல நான் இருக்க மாட்டேன் லா."

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. உண்மை என்பதால் இன்னும் ஆழமாகத் தைத்தது. அலுவலகத்தில் மேலாளர் தலையசைத்த பிறகே எதையும் அனுப்பிப் பழகியவள் அவள். அன்றிலிருந்து பயிற்சிக்காக வீட்டின் குளியலறைக் கதவு ரயில் கதவாயிற்று. சுஜீந்திரன் கட்டுப்பாட்டு நிலைய அதிகாரியாகி, வெங்காயம் நறுக்கிக்கொண்டே குறுக்குக் கேள்வி கேட்டார். மறு தேர்வில் அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. விளக்கு எரிந்தது, கை போனது, விளக்கு அணைந்தது. ரஷீதா கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

ஆனால் உறவினர் கல்யாணம் ஒன்றில், மகள் என்ன செய்கிறாள் என்று யாரோ கேட்டதற்கு, "டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்ல இருக்கா," என்றார் அம்பலவாணர். பக்கத்திலேயே நின்ற பிரசாந்தி மோரைக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

தனியாக ஓட்டத் தொடங்கிய சில மாதங்களில், ஒரு மாலை நெரிசலில், நடுவழி நிலையம் ஒன்றில் அது நடந்தது. எல்லாக் கதவுகளும் மூடின; நான்காவது பெட்டியில் ஒன்று மட்டும் மூட மறுத்தது. திறந்து மூடிப் பார்த்தாள். பயனில்லை. கதவு மூடாமல் ரயில் நகராது. பின்னால் அடுத்தடுத்த ரயில்கள் நிற்கத் தொடங்கியிருக்கும். கட்டுப்பாட்டு நிலையத்துக்குச் சொன்னாள், பயணிகளுக்கு அறிவித்தாள், ஓட்டுநர் அறையைப் பூட்டிவிட்டு நடைமேடையில் இறங்கி விரைந்தாள்.

அந்தக் கதவருகே கூட்டம் பிதுங்கியது. யாரோ திட்டினார்கள், யாரோ படம் எடுத்தார்கள். ஒரு குழந்தையின் பொம்மைக் கார் கதவின் தடத்தில் நசுங்கிக் கிடந்தது. குனியக்கூட இடமில்லை. அப்போது முதுகுப்பை மாட்டியிருந்த கட்டுமானத் தொழிலாளி ஒருவர் கையை விரித்துக் கூட்டத்தைத் தடுத்தார்.

"கொஞ்சம் பின்னால போங்க! அக்கா வேலையப் பாக்கட்டும்!"

பொம்மையைப் பிடுங்கி எடுத்தாள். தடம் வளைந்திருந்ததால் கதவு அப்போதும் தானாக மூடவில்லை. இரு கையாலும் இழுத்து மூடி, சாவியால் பூட்டி, 'இந்தக் கதவு இயங்காது' என்ற தாளை ஒட்டினாள். யார் முகத்தையும் பார்க்காமலே முடித்திருந்தாள். அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ரொம்ப நன்றி தம்பி. பேரு?"

"ராமலிங்கம்க்கா. புது லைனுக்குச் சுரங்கம் தோண்டுற வேலை. எங்க லைனும் நீங்க ஓட்டுவீங்களா?"

"அது ஓட்டுற ஆளே இல்லாம ஓடுமாம்ப்பா."

"அப்ப இதுலயே வர்றேன்," என்று அவர் சிரித்தார்.

அறைக்குத் திரும்பி, ரயில் நகர்ந்தபோது பெட்டிகளுக்குள் யாரோ கைதட்டினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டாள். அவளுக்கு அது கேட்கவில்லை. முன்னால் பச்சை விளக்கு மட்டும்தான் தெரிந்தது. சுரங்கம் முடிந்து ரயில் மேம்பாலத்தில் ஏறியபோது, அடுக்குமாடி வீடுகளின் சன்னல்களில் எல்லாம் மாலை வெயில். ஆயிரம் பேருக்கு மேல் முதுகுக்குப் பின்னால். 'நான் கூட்டிக்கொண்டு போகிறேன்' என்று நினைத்ததும் நெஞ்சு விம்மியது.

அடுத்த ஞாயிறு டாங்க் ரோடு கோயிலில் உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். பெரியப்பா அவளிடமே கேட்டார். "எந்த ஆபீஸ்லம்மா இருக்க?"

அம்பலவாணர் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்.

"ஆபீஸ் இல்ல பெரியப்பா. எம்ஆர்டி ரயில் ஓட்டுறேன். பாசிர் ரிஸ் லைன்."

பெரியப்பாவின் பேத்தி, "சீரியஸா? முன்னாடி உக்காந்தா?" என்று கத்தினாள். உடனே பிள்ளைகள் எல்லாரும் மொய்த்துக்கொண்டார்கள். எவ்வளவு வேகம், இருட்டில் பயமில்லையா, கழிப்பறைக்கு எப்படிப் போவீர்கள் என்று கேள்வி மேல் கேள்வி. அவள் தலைநிமிர்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள்.

கூட்டம் கலைந்தபோது அம்பலவாணர் அருகில் வந்தார். சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டே கேட்டார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு உன் வண்டி?"

"ஏன்ப்பா?"

"உங்கம்மாவும் நானும் முதல் பெட்டியில ஏறலாம்னு."