கொல்லிமலைக்கு நாங்க போன சுற்றுலா

நீங்க இருக்கற ஊருக்கே நீங்க சுற்றுலா போயிருக்கீங்களா?

நான் போயிருக்கேன். பத்தாவது படிக்கறப்போ. எல்லாம் பேப்பர்லதான். எங்க ஊரு கொல்லிமலைக்கு மேல, குண்டூர் நாடுன்னு சொல்ற ஊர்க்கூட்டத்துல இருக்கு. பொறந்ததும் இங்க, படிச்சதும் இங்க. தமிழ்ப் பரீட்சையில "நீ சென்று வந்த சுற்றுலா"ன்னு எட்டு மார்க் கட்டுரை. நான் என்ன எழுதுனேன் தெரியுமா? "நாங்கள் கொல்லிமலைக்குச் சுற்றுலா சென்றோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலேறியது. குளிர்ந்த தென்றல் எங்களை வரவேற்றது." கடைசில "பிரிய மனமின்றி மலையை விட்டு இறங்கி வீடு வந்து சேர்ந்தோம்." எட்டுக்கு எட்டு.

மலைய விட்டு எறங்கி எந்த ஊட்டுக்குப் போனேன்னு ஒருத்தரும் கேக்கல. எனக்கும் தோணல. ஏன்னா கைடுல அப்டித்தான் இருந்துச்சு. எங்க கிளாஸ்ல அத்தன பேரும் அந்தப் பக்கத்த அப்டியே மனப்பாடம் பண்ணிட்டோம். அந்தப் பரீட்சையில மொத்தக் கிளாசும் பிரிய மனமில்லாம மலைய விட்டு எறங்கிப் போயிடுச்சு. மேல ஒரு ஆளு மிச்சமில்ல.

இப்ப நெனச்சா சிரிப்பு வருது. ஆனா இத நான் சிரிக்கறதுக்காக டைப் பண்ணல. செம காண்டுல இருக்கேன்.

அந்தக் கைடுக் கட்டுரையில நடுவுல ஒரு வரி வரும். "மலைவாழ் மக்கள் வெள்ளந்தியானவர்கள். காலில் அணியச் செருப்புகூட இல்லாத வறுமையில் வாழ்கின்றனர்." இதையும் நான் எழுதுனேன். அழகா, அடிக்கோடு போட்டு எழுதுனேன். டீச்சர் அந்தக் கட்டுரைய நோட்டீஸ் போர்டுல ஒட்டுனாங்க. பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு வந்த எங்கப்பா அத நின்னு படிச்சாரு. எழுத்துக் கூட்டிப் படிக்கற ஆளு, ரொம்ப நேரம் ஆச்சு.

எங்கப்பாவுக்குச் செருப்பு இருக்குங்க. மலைக்குக் கீழ சேந்தமங்கலத்துல வாங்குன நல்ல தோல் செருப்பு. ஆனா சாமைக் காட்டு வரப்புக்கு வந்தா அதக் கழட்டி ஒரு கல்லு மேல வெச்சுட்டுத்தான் உள்ள கால் வெப்பாரு. களத்துலயும் அப்டித்தான். திங்கறது வெளையற எடம், அங்க செருப்புக்கால் வெக்கறதில்ல. எங்க ஊர்ல சின்னப் புள்ளைக்குக்கூட யாரும் சொல்லிக் குடுக்கத் தேவையில்ல. எவனோ கார்ல வந்தவன் காட்டுக்குள்ள வெறுங்காலோட நின்ன ஆளப் பாத்து, அய்யோ பாவம்னு எழுதிட்டுப் போயிட்டான். அத நான் மனப்பாடம் பண்ணி, எங்கப்பனுக்குச் செருப்பு இல்லன்னு எழுதி மார்க் வாங்கிட்டேன்.

மீட்டிங் முடிஞ்சு வர்ற வழியில அப்பா கேட்டாரு. "ஏங்கண்ணு, நமக்குச் செருப்பு இல்லீன்னு எழுதியிருக்கியே?"

"புக்குல அப்டித்தாங்ப்பா இருக்கு."

"ம். மார்க்கு போட்டுட்டாங்கல்ல?"

"எட்டுக்கு எட்டுப்பா."

"அப்பறமென்ன, உடு."

அவ்ளோதான். அதுக்கப்பறம் அவரு அதப் பத்திப் பேசவே இல்ல. பேசியிருந்தா பரவால்லன்னு இப்ப தோணுது.

சரி, மேட்டருக்கு வரேன். எனக்கு ஒரு தங்கச்சி. இந்த வருஷம் பத்தாவது. நான் நாமக்கல்ல டிகிரி முடிச்சுட்டு ஊட்டுல வேலை தேடிட்டு இருக்கேன், அதனால அவளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கற டூட்டி என்னுது. கட்டுரைக்கு நான் எடுத்துக் குடுத்தது அதே கைடு, அதே பக்கம். அட்டை மட்டும் மாறியிருக்கு. மழைநீர் சேகரிப்பு, வரதட்சணைக் கொடுமை, காப்பியத்துல அண்ணன் தம்பி பாசம், எங்க மலைய ஆண்ட வள்ளலோட கொடை, நான் முதலமைச்சரானால், எல்லாம் ரெடிமேடு. முன்னுரை, பொருளுரை, முடிவுரை. நடுவுல நாலு உட்தலைப்பு. நீங்க எதையும் யோசிக்க வேணாம், யோசிச்சா மார்க் போயிடும்.

மாடல் எக்ஸாம்ல அதே சுற்றுலாக் கேள்வி வந்துச்சு. தங்கச்சி என் பேச்சக் கேக்கல. அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் கெழங்கு லோடு எறக்கறதுக்கு அப்பாகூட கீழ போயிட்டு வந்திருந்தா. அத எழுதிட்டு வந்துட்டா.

பேப்பர் குடுத்த அன்னிக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வந்து என்கிட்ட நீட்டுனா. நான் நின்னுட்டே படிச்சேன். இங்க கொஞ்சம் அப்டியே போடறேன், நீங்களே பாருங்க:

"நான் சுற்றுலா சென்ற இடம் சேந்தமங்கலம். மரவள்ளிக் கிழங்கு லாரியின் முன்பக்கத்தில் நானும் அப்பாவும் அமர்ந்து சென்றோம். இறங்க இறங்கக் காது அடைத்தது. பிறகு வெயில் வந்தது. அங்குள்ள மக்கள் குடிக்கும் தண்ணீரைக் கேனில் விலைக்கு வாங்குகிறார்கள். ஆனாலும் நல்லவர்கள். வழி கேட்டால் கூடவே நடந்து வந்து காட்டுகிறார்கள்."

"ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் எங்கள் கிழங்கைத் தரையில் கொட்டினார்கள். ஒருவர் பூட்ஸ் காலோடு கிழங்கின் மேல் ஏறி நின்று செல்போன் பேசினார். அப்பா தன் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவரை இறங்கச் சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. நானும் சொல்லவில்லை. பிரிய மனம் இருந்ததால் உடனே வீடு திரும்பினோம்."

பூட்ஸ் வரியச் சுத்தி செவப்பு இங்க்ல ஒரு வட்டம். பக்கத்துல "தேவையற்றது." கடைசில "தலைப்புக்குப் பொருந்தவில்லை." எட்டுக்குச் சைபர்.

நூத்துக்கு மொத்தம் முப்பத்திரெண்டு. பாஸாக முப்பத்தஞ்சு வேணும். எழுத்துப்பிழை, இலக்கணம்னு மத்த எடத்துல அவளே கோட்டை விட்டிருக்கா, இல்லங்கல. ஆனா இந்த எட்டுல ஒரு மூணு போட்டிருந்தா அவ பாஸு.

சரி, மாடல்தானே, அதுக்கென்னன்னு கேப்பீங்க. ஸ்கூல்ல என்ன சொன்னாங்கன்னா, மாடல்ல பெயிலான புள்ளைங்க இந்த வருஷம் பப்ளிக் எழுத வேணாமாம். அடுத்த வருஷம் தனியா எழுதிக்கலாமாம். ரிசல்ட் நூத்துக்கு நூறு வரணுமில்ல, அதுக்கு. அப்டிச் சொல்றதுக்கு அவங்களுக்கு எந்த ரைட்சும் கெடையாது. ஆனா அப்பா மாதிரி ஆளுங்ககிட்ட ஒரு பேப்பர நீட்டிக் கையெழுத்துப் போடுங்கன்னா போட்டுருவாங்க. எங்க ஊர்ல பத்தாவதுல நின்ன பொண்ணு மறுபடி பரீட்சை எழுதுனதா நான் பாத்ததே இல்ல. ஆறு மாசம் ஊட்டுல இருந்தா பொண்ணு கேட்டு ஆள் வந்துரும். என்கூடப் படிச்சவ ஒருத்திக்கு இப்ப ரெண்டு கொழந்த.

அப்பாவப் போக வேணாம்னு சொல்லிட்டு நான் போனேன்.

தமிழ் டீச்சர் எனக்கும் எடுத்த டீச்சர்தான். எட்டுக்கு எட்டு போட்டாங்களே, அதே ஆளு. சேந்தமங்கலம் பக்கம் தோட்டங்காடு வெச்சிருக்கற குடும்பம். தெனமும் காலைல பஸ் ஏறி, கையில எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டே வளைவு வளைவா ஏறி வருவாங்க. இத்தன வருஷமாகியும் அவங்களுக்கு அந்த ரோடு ஒத்துக்கல. நான் போறப்ப ஸ்டாப் ரூம்ல கண்ண மூடி உக்காந்திருந்தாங்க.

"வா கண்ணு. வேலை கெடச்சுதா?"

"இல்லீங்க டீச்சர். தங்கச்சி பேப்பரு விஷயமா வந்தேன்."

"தெரியும், நீ வருவன்னு. ஏம்மா, உன்ற தங்கச்சி சுற்றுலாவ எழுதச் சொன்னா லாரியில லோடு ஏத்திட்டுப் போயிருக்கா?"

"அவ போனது அங்கதானுங்களே டீச்சர். போனதத்தான எழுத முடியும்?"

"நீ எங்க போயி எழுதுன?"

ஆனா நான் உடல. "நான் எழுதுனது பொய்யி டீச்சர். அதுக்கு முழு மார்க் போட்டீங்க. இவ எழுதுனது நெசம். அதுக்குச் சைபரா?"

டீச்சர் எலுமிச்சம்பழத்த மேசையில வெச்சாங்க. "நானா சாமி திருத்தப் போறேன்? பப்ளிக் பேப்பரு எங்கயோ போவுது. ஒரு நாளைக்குக் கட்டுக்கட்டா திருத்தறவங்க, உட்தலைப்பு இருக்கா, இயற்கைக் காட்சி வந்துச்சா, முடிவுரை இருக்கான்னு பாத்து டிக் போட்டுட்டுப் போவாங்க. அங்க போயி இவ பூட்ஸு, கெழங்குன்னு எழுதுனா?"

"அதுல என்ன தப்புங்க டீச்சர்?"

"தப்புன்னு யாரு சொன்னா?" குரலக் கொறச்சுட்டாங்க. "எங்கப்பாவும் களத்துக்குள்ள செருப்புக்கால் வெக்க மாட்டாரு. நான் காலேஜு படிக்கறப்ப ஒருக்கா மறந்து போயி வெச்சுட்டேன், ரெண்டு நாளு மூஞ்சி குடுத்துப் பேசல. எனக்குத் தெரியாதா?"

இங்கதாங்க எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. தெரியாதவங்க சைபர் போட்டா சரி, தெரியலன்னு உடலாம். தெரிஞ்சுட்டே அந்த வரியத் தேடிப் பிடிச்சு வட்டம் போட்டு "தேவையற்றது"ன்னு எழுதியிருக்காங்க. அதுக்கப்பறம் நான் என்னென்ன பேசுனேன்னு முழுசா ஞாபகமில்ல. உங்க ஊரப் பத்தி எங்க புள்ள நாலு வரி எழுதுனா பொறுக்கல, எங்களப் பத்தி யாரோ எழுதுனத நாங்க வருஷா வருஷம் ஒப்பிக்கணுமான்னு கத்துனது ஞாபகமிருக்கு. பக்கத்து டேபிள் கணக்கு சார், "ஏம்மா, காலேஜு போனா இப்டித்தான் பேசச் சொல்லிக் குடுக்கறாங்களா"ன்னாரு. "இல்லீங்க சார், அங்கயும் நோட்ஸுதான்"னேன்.

டீச்சர் கோவப்படல. கோவப்பட்டிருந்தா எனக்கு ஈசியா இருந்திருக்கும். "நாளான்னிக்கு மறுபடி ஒரு டெஸ்ட் வெக்கறேன்"னாங்க. "அதே கேள்வி. புக்குல இருக்கறத அப்டியே எழுதச் சொல்லு. பாஸ் போட்டு ஹெச்.எம்.கிட்ட நானே பேசிக்கறேன். அந்தப் புள்ள பப்ளிக் எழுதணுமா வேணாமா, அத மட்டும் யோசி."

யோசிச்சேன். ஸ்கூல் படி எறங்கி வந்த வேகத்துலயே யோசிச்சு முடிச்சுட்டேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறல. அத்தனயும் கத்திட்டு ஊட்டுக்கு வந்து, கைடத் தொறந்து, தங்கச்சிய உக்கார வெச்சு, "சொல்லு, நாங்கள் கொல்லிமலைக்குச் சுற்றுலா சென்றோம்"னு ஆரம்பிச்சேன்.

அப்பா வாசல்ல மொளகு காய வெச்சுட்டு இருந்தாரு. தங்கச்சி மடமடன்னு சொல்லிட்டு வந்தவ, செருப்பு வரி வந்ததும் நின்னுட்டா.

"இந்த வரியும் எழுதணுமாக்கா?"

"எழுதணும். மக்கள் வாழ்க்கைங்கற உட்தலைப்புல அந்த ஒரு வரிதான் இருக்கு."

"அப்பா கேக்கறாரு."

"அப்பா ஏற்கெனவே படிச்சுட்டாரு. சொல்லு."

மெதுவா, உதடு மட்டும் அசையற மாதிரி சொன்னா. அப்பா மொளகக் கிண்டிட்டே இருந்தாரு. கை நிக்கல, தலையும் நிமிரல.

டெஸ்ட்ல எட்டுக்கு ஏழு. ஒரு மார்க்கு எதுக்குக் கொறச்சாங்கன்னு தெரியல. ஹால் டிக்கெட் வந்துருச்சு. அம்மா அத சாமி படத்துக்குக் கீழ வெச்சுக் கும்புட்டுச்சு. ஊடு பூராச் சந்தோஷம். தங்கச்சி மட்டும் என்கிட்ட ஒரு வாரம் சரியாப் பேசல. பேசுனாலும் குத்தலாத்தான். சோறு போட்டா, "முன்னுரையா சோறு வெச்சாச்சு, பொருளுரை எங்கக்கா"ம்பா. கொழம்ப ஊத்துனா, "உட்தலைப்பு போட்டு ஊத்து"ம்பா. ரீல்ஸ்ல எவனாவது பைக்ல வந்து எங்க மலையக் காட்டி "மக்கள் ரொம்ப வெள்ளந்தி மச்சி"ன்னு சொன்னா, போன என் மூஞ்சிக்கு நேரா நீட்டி, "இங்க பாரு, உன் கைடு ஆத்தரு"ம்பா. சிரிச்சுட்டேதான் சொல்லுவா. எனக்குத்தான் உள்ள போயி எரியும்.

இன்னிக்கு தமிழ்ப் பரீட்சை. நானும் அப்பாவும் கூட வந்தோம். சென்டருக்கு உள்ள போறவங்கல்லாம் செருப்ப, ஷூவ ஹாலுக்கு வெளிய கழட்டி வெச்சுட்டுப் போகணும்னு வாட்ச்மேன் சொல்லிட்டு இருந்தாரு. தங்கச்சி செருப்பக் கழட்டி அப்பா கையில குடுத்தா. "பத்தரமா வெச்சுக்கங்ப்பா. அப்பறம் நமக்கு இல்லீன்னு எழுதிருவாங்க."

அப்பா சிரிச்சாரு. எத்தன நாள் கழிச்சோ, வாய் விட்டு.

கேட் பக்கத்துல நான் அவ கையப் புடிச்சு நிறுத்துனேன். "ஏய், சுற்றுலா வந்துச்சுன்னா எத எழுதுவ?"

"நீ உள்ள வர முடியாதில்லக்கா"ன்னுட்டுப் போயிட்டா.

இப்ப மணி பதினொன்னே முக்கா. கேட்டு பூட்டியிருக்கு, அவ செருப்பு அப்பா மடியில இருக்கு.