தொப்பைக்கு டேப் வைக்கிற வேலை

வயசானால் தொப்பை விழுவதற்குச் சோறு மட்டும் காரணம் இல்லை என்று எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் டாக்டரம்மா. காரைக்காலில் அவருடைய கிளினிக்கில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை அது. இளைய மகளுக்கும் கல்யாணம் முடிந்து, வீட்டில் வேலை குறைந்துபோயிருந்த நேரம். வந்தவர்களை எடை மெஷினில் ஏற்ற வேண்டும், இடுப்பைச் சுற்றி டேப் வைக்க வேண்டும், சீட்டில் இருக்கிற கேள்விகளைக் கேட்டு எழுத வேண்டும். எட்டாவது படித்த எனக்கு அது போதும். ஆனால் இந்த வேலையில் என்னைப் பார்த்து முகம் மலர்ந்தவர் என்று ஒருவரும் கிடையாது.

"நம்மளை வளர்த்துவிடுற ஹார்மோன் ஒண்ணு இருக்கு. நாம வளர்ந்து முடிச்ச பிறகும் அது வேலை பார்க்கும். சதையைக் காப்பாத்தும், கொழுப்பைக் கரைக்கும். வயசாக வயசாச் சுரக்கிறது கொறஞ்சிடும். கை கால்ல சதை வத்தும், கொழுப்பு வயித்துல வந்து உட்காரும்" என்றார். நான் குனிந்து என் ஜாக்கெட்டைப் பார்த்துக்கொண்டேன். கை தொளதொள என்று கிடந்தது, கீழே இரண்டு ஊக்கு மாட்ட முடியவில்லை. அதுவரை தையற்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். உங்களிலும் பல பேர் இன்னும் தையற்காரரைத்தான் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

பேண்ட் அளவு

கோவில்பத்திலிருந்து ஒரு சார் வந்தார். ஆபீஸ் வேலை, வயது ஐம்பத்திரண்டு. டேப்பை எடுத்ததுமே, "முப்பத்திநாலு, எழுதிக்குங்க" என்றார். பேண்ட் அளவைச் சொல்கிறார் என்று புரிந்தது. ஆண்பிள்ளைகள் தொப்பை வந்தால் பேண்டை மாற்றுவதில்லை, பெல்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிவிடுகிறார்கள். கல்யாணத்துக்குத் தைத்த அளவே கடைசிவரை ஓடும்.

தொப்புளுக்கு நேராக டேப்பை வைத்தேன். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். நானும் கந்தசஷ்டிக் கவசத்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டே காத்திருந்தேன். எத்தனை நேரம் பிடிப்பார்? விட்டார். நாற்பத்தொன்று. சீட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, என் இடுப்பு முப்பத்திநாலுதான். நீங்க அளந்தது இடுப்பு இல்ல, மாடி."

கொசுவத்துக்குள்ளே

கிளிஞ்சல்மேட்டு அம்மா ஒருத்தி, மீன் விற்கிறவள். டேப் வைத்தால் நாற்பத்தாறு காட்டியது. கையைப் பார்த்தால் குச்சி. சந்தேகப்பட்டுக் கேட்டேன். கொசுவத்துக்குள்ளேயிருந்து சுருக்குப் பை வந்தது, சாவிக்கொத்து வந்தது, ஒரு பொட்டலம் வெற்றிலை வந்தது, கடைசியாகச் செல்போனும் வந்தது. மறுபடி அளந்ததில் முப்பத்தொன்பது.

டாக்டரம்மா எனக்குச் சொன்னதை அவளுக்கு நான் சொன்னேன். வளர்ச்சி ஹார்மோன் குறைகிறது, அதனால் இப்படி என்று. சாமான்களை ஒவ்வொன்றாக உள்ளே சொருகிக்கொண்டே கேட்டாள்: "வளர்ற ஹார்மோன் கொறஞ்சிடுச்சுங்கிற, அப்ப வயிறு மட்டும் யாரைக் கேட்டு வளருது?"

நானா வந்தார்

ஜவுளிக்கடை வைத்திருக்கிற பெரியவரை ஊரில் எல்லாரும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். வயது அறுபத்தாறு. மனைவியோடு ஹஜ்ஜுக்குப் போகக் குலுக்கலில் பெயர் வந்திருந்தது. உடம்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால்தான் போக முடியும். சர்க்கரை அதிகமாக இருந்தது. "இது இறங்காம நான் கையெழுத்துப் போட முடியாது நானா. மூணரை மாசம் இருக்கு" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்: "வேற மருந்து எதுவும் சாப்பிடுறீங்களா?" இல்லை என்றார். மாத்திரை, கஷாயம், லேகியம்? எதுவும் இல்லை. கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "அல்லா மேல ஆணையாச் சொல்றேன் தங்கச்சி, டாக்டர் குடுத்ததைத் தவிர ஒண்ணும் வாய்ல வைக்கல" என்றார்.

அல்வா விசாரணை

அடுத்த மாதம் வந்தார். மருந்துக் கேள்விக்கு அதே பதில்தான். டேப் இரண்டு இஞ்ச் குறைத்துக் காட்டியது. நான் சந்தோஷமாக எழுதினேன். லேபில் ரத்தம் எடுக்கிற கவிதா அரை மணி நேரத்தில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். சர்க்கரை போன தடவையைவிட ஏறியிருந்தது. தொப்பை கரைகிறது, சர்க்கரை ஏறுகிறது. இப்படி ஒரு சீட்டை நான் எழுதியதே இல்லை. "அல்வா வெட்டுறாரு அக்கா, வேற என்ன" என்றாள் கவிதா. மாத்திரையைக் கூட்டினார் டாக்டரம்மா.

அதற்கு அடுத்த மாதமும் அதே கதை. டேப் இன்னும் அரை இஞ்ச் இறங்கியது, சர்க்கரை இன்னும் ஏறியது. சர்டிபிகேட்டுக்கு ஆறு வாரம்தான் பாக்கி. சாயங்காலம் விளக்கேற்றும்போது அவருக்காகவும் கும்பிட்டுக்கொண்டேன். யாத்திரை யாருடையதாக இருந்தால் என்ன? கவிதா அல்வா பேச்சை எடுத்ததும் கூட வந்திருந்த அவர் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "வூட்ல சீனி டப்பாவை நான் பீரோவுல வச்சுப் பூட்டியிருக்கேன். இவுக பொய் சொல்ற மனுசன் இல்ல, நாப்பது வருசமா எனக்குத் தெரியும்" என்றார்.

மோதிரம்

அன்றைக்குத்தான். மறுபடி ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கவிதா அவருடைய மோதிர விரலில் ஊசி குத்தப் போனாள். வெள்ளி மோதிரம் சதைக்குள் புதைந்து கிடந்தது. முதல் தடவை வந்தபோது பேசிக்கொண்டே அதைச் சுழற்றிக்கொண்டிருந்தவர் அவர். "கை ஏன் நானா இப்படி வீங்கியிருக்கு?" என்று கேட்டேன்.

"அது ஊசி போட ஆரம்பிச்சதுலேருந்து அப்படித்தான். முட்டியும் வலிக்குது. போகப்போகச் சரியாயிடும்னு மவன் சொன்னான்."

எந்த ஊசி? அவர் முதல் தடவை இங்கே வந்துபோன பிறகு, துபாயில் இருக்கிற மகன் லீவுக்கு வந்தபோது ஐஸ் பெட்டியில் கொண்டு வந்தானாம். வளர்ச்சி ஹார்மோன். வயசானவர்களுக்கு அது குறைந்துவிடும், வெளியிலிருந்து ஏற்றினால் தொப்பை கரையும், தெம்பு வரும், வாப்பா ஹஜ்ஜில் நன்றாக நடக்கலாம் என்று அங்கே உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ சொன்னார்களாம். தினமும் வயிற்றில் போட்டுக்கொள்கிறார். பிள்ளை பாசத்தோடு கொடுத்தது, வீட்டு ஃப்ரிட்ஜில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

"ஏன் நானா, அத்தனை தடவை கேட்டேனே, சொல்லலையே?" என்றேன். அவருக்கோ நிஜமாகவே ஆச்சரியம். "நீ மருந்து சாப்பிடுறீங்களான்னுதானே தங்கச்சி கேட்டே? ஊசியை யாராச்சும் சாப்பிடுவாங்களா?"

டாக்டரம்மா முன்னால்

டாக்டரம்மா நானாவைத் திட்டவில்லை. அந்த ஹார்மோன் சுரக்கவே சுரக்காத நோய்க்காரர்களுக்கு டாக்டர் பார்த்துப் போடுகிற ஊசி அது என்றார். வயசுக்குக் குறைவது நோய் இல்லை. ஏற்றினால் கொழுப்பு கொஞ்சம் கரையும், ஆனால் சர்க்கரை ஏறும், கை கால் வீங்கும், மூட்டு வலிக்கும். "நிறுத்திடுங்க நானா. தொப்பையோட போறதுதான் பத்திரம்." அவரும் சரி என்றார்.

அவர்கள் போன பிறகு நான் உள்ளே போய் நின்றேன். எத்தனை வருஷமாக எத்தனை பேரிடம் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன்! இல்லை என்று சத்தியமாகச் சொல்லிவிட்டுப் போனவர்களில் எத்தனை பேர் எதைப் போட்டுக்கொண்டிருந்தார்களோ, எதைத் தடவிக்கொண்டிருந்தார்களோ. "கேள்வியைத் தப்பாக் கேட்டுட்டேன்மா" என்றேன். டாக்டரம்மா என் கையிலிருந்த சீட்டை வாங்கிப் பார்த்தார். பேனாவால் 'சாப்பிடுறீங்களா' என்பதை அடித்தார். "நீங்க கேட்டீங்க. எழுதி அச்சடிச்சது நான்தானே" என்றார்.

கடைசி அளவு

ஆறாவது வாரம் வந்தார். மோதிரம் சுழன்றது. கவிதா சீட்டைக் கொண்டுவரும் வரை அவர் மனைவி முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு உதடு மட்டும் அசைய ஓதிக்கொண்டிருந்தார். சர்க்கரை இறங்கியிருந்தது. கையெழுத்து கிடைத்தது. டேப்தான் பழையபடி இரண்டரை இஞ்ச் கூட்டிக் காட்டியது. நான் எழுதத் தயங்கினேன். "எழுது தங்கச்சி, எழுது" என்றார் நானா. "ரெண்டு பேருக்குத்தான் பேர் வந்துச்சு, இது மூணாவது ஆளா வருது."

வயசானால் உடம்பில் எது குறைகிறது, எது கூடுகிறது என்பதை டேப்பும் ரத்தமும் சொல்லிவிடும், நீங்கள் எதைப் போட்டுக்கொள்கிறீர்கள் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்பதால், அடுத்த தடவை டாக்டரிடம் வரும்போது நான் கேட்காவிட்டாலும் அதையும் சொல்லிவிடுங்கள்.