கரித்துண்டு வைக்காத கணவாய் வறுவல்

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை நான் கொண்டுவந்த கணவாய் வறுவலில் கரித்துண்டு ஏன் இல்லை என்று கேட்டீர்கள். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. எழுதினால் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

உங்கள் அம்மா போன பிறகு நீங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் சித்தி வீட்டில் இருக்கிறீர்கள். நான் ராஜபாளையத்தில் மில் ஷிப்டுக்குப் போய்க்கொண்டு தனியாக இருக்கிறேன். சின்னவன் போனில், "அம்மா செய்யிற கணவாய் வேணும்ப்பா" என்றான். அவள் கைப்பக்குவம் எனக்கு வருமா? ஆனாலும் கணவாய் மீன் வாங்கிவிட்டேன்.

உள்ளே இருக்கும் கண்ணாடி மாதிரி முள்ளை உருவினேன். மைப்பையைக் கிழிக்காமல் எடுத்து, தோலை உரித்து, வளையம் வளையமாக நறுக்கினேன். மசாலாவோடு அரிசி மாவும் சோள மாவும் பிசிறி எண்ணெயில் போட்டதும் படபடவென்று வெடித்தது.

"ஏங்க, தள்ளி நில்லுங்க. ஈரத்தத் தொடைக்காமப் போட்டா மூஞ்சியிலதான் தெறிக்கும்."

அவள் எப்போதும் சொல்வதுதான். அன்றைக்கும் முதுகுக்குப் பின்னால் கேட்டது. நான் திரும்பவில்லை. திரும்பினால் இருக்க மாட்டாள். முதல் ஈடு அதிகமாக வெந்து ரப்பராகிவிட்டது. அடுத்த ஈட்டில், "போதும், எடுங்க" என்று கேட்டதும் எடுத்தேன். மொறுமொறுப்பாக வந்திருந்தது.

கறி மீன் எதை வெளியே கொடுத்துவிட்டாலும் அம்மா மேலே ஒரு கரித்துண்டு வைப்பாள், உங்களுக்குத் தெரியும். வறுத்த வாசத்துக்கு இறந்தவர்கள் பின்னாலேயே வந்துவிடுவார்கள், கரி இருந்தால் அண்ட மாட்டார்கள் என்பாள். இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டு வாங்கிய கரி இன்னும் அந்தப் பவுடர் டப்பாவில் இருக்கிறது. அதைத் திறந்தேன். ஒரு துண்டைக் கையில் எடுத்தேன். பிறகு உள்ளேயே போட்டு மூடிவிட்டேன்.

நமத்துப் போகக் கூடாதென்று வறுவல் டப்பாவை லேசாகத் திறந்து வைத்திருந்ததால் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் முழுக்க வாசம். பக்கத்து சீட்டு அம்மா கேட்டார்கள்.

"கணவாயா அண்ணாச்சி? கரி வச்சிருக்கியளா?"

"இல்லம்மா."

"நல்ல ஆளுதான். உச்சி வெயில்ல இதத் தூக்கிட்டுப் போறிய, எதுவும் கூட வந்துச்சுன்னா?"

வரட்டும் என்று நினைத்தேன். அந்த அம்மா தன் சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றி என் பையின் காதில் குத்திவிட்டார்கள். "இரும்புக்கும் அண்டாது. பிள்ளையளுக்குக் கொண்டு போறிய."

நல்ல மனசு. அவர்கள் இறங்கும் வரை பொறுத்திருந்தேன். பிறகு ஊக்கைக் கழற்றி, கிழிந்த சீட்டு ரெக்சினில் குத்திவிட்டு நான் இறங்கினேன்.

வீட்டில் சின்னவன் ஒன்றை எடுத்து மென்றான். "கொஞ்சம் நமத்துப் போச்சுப்பா. ஆனா அம்மா வாசம் அடிக்கு."

பெரியவளே, நீ டப்பாவைக் கிளறிப் பார்த்தாய். "கரி எங்கப்பா? அம்மா இருந்தா ஏசியிருப்பா."

நான் வறுவலைத் தட்டுகளில் எடுத்து வைத்தேன். நீ கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாய். பூனை வருமென்று சித்தி வாசல் கதவைச் சாத்தப் போனாள்.

"சாத்தாதீங்க சித்தி" என்றாய். "தெறந்தே கெடக்கட்டும்."

வாசலில் வெயில் மட்டும்தான் கிடந்தது. நாம் மூன்று பேரும் அந்தப் பக்கம் பார்த்தபடியே சாப்பிட்டோம்.