தடாகம் என்று எழுதச் சொன்னார்கள்

தடாகம் என்ற சொல்லை நான் முதன்முதலில் பார்த்தது என் கல்யாணக் கடிதத்தில். ‘வீட்டை ஒட்டித் தாமரை பூத்த தடாகம் ஒன்று உண்டு. அதன் தெள்ளிய நீரில் அன்னங்கள் நீந்தும். மாலையில் கரையில் அமர்ந்தால் மனம் குளிரும்’ என்று மாப்பிள்ளை பினாங்கிலிருந்து எழுதியிருந்தார். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. பாதிரியார் பள்ளிக்கூடத்தில் நாலெழுத்துப் படித்திருந்த நான்தான் அதை உரக்க வாசித்தேன். என் தலையெழுத்தை நானே வாசித்துக் காட்டி, நல்லாயிருக்கிறது என்று சிரிக்கவும் சிரித்தேன்.

கப்பலில் வாந்தியெடுத்து, கப்பலில் வந்தவர்களை நோய்க்கு அஞ்சி அடைத்துவைக்கும் ஜெரெஜாக் தீவில் கிடந்து, தண்ணீர்மலைப் பக்கம் இருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வந்த அன்றே தடாகத்தையும் பார்த்தேன். செங்கல் சூளைக்கு மண் தோண்டிய பள்ளம் அது. மழைத் தண்ணீரும் எங்கள் மாட்டுக் கொட்டகையைக் கழுவிய தண்ணீரும் அதில்தான் போய் நிற்கும். கறுப்பாக, கொழகொழவென்று, ஓரமெல்லாம் நுரை கட்டிக் கிடக்கும். காலை வைத்தால் வழுக்கும், எடுத்தால் அட்டையோடு வரும். வெயில் ஏற ஏற நாற்றமும் ஏறும். மாலையில் கரையில் அமர்ந்தால் குளிர்ந்தது மனமல்ல, உடம்பு. அந்த வருஷமெல்லாம் குளிர்க்காய்ச்சலில் விழுந்து விழுந்து எழுந்தேன்.

“தாமரை எங்கே?” என்று என் புருஷனைக் கேட்டேன். மிதந்துகொண்டிருந்த ஆகாயத்தாமரையைக் காட்டினார். பக்கத்து வீட்டுச் சீனர் தம் பன்றிகளுக்கு வேகவைத்துப் போட வாரிக்கொண்டு போகிற களை அது.

“அதுவும் தாமரைதான்லா. பேர்லயே இருக்குல்ல?”

“அன்னம்?”

“அவங்க வீட்டு வாத்து வரும், பாரு.”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அவருக்கும் எழுத்துத் தெரியாது. சூலியா தெருவில் ஒரு கடையின் முன்நடையில் பெட்டிமேல் காகிதம் வைத்துக் கடிதம் எழுதிக்கொடுக்கிற மனிதர் ஒருவர் இருந்தார். ‘வீட்டுக்குப் பின்னாடி குட்டை இருக்கு’ என்று இவர் சொல்ல, மீதியை அவர் பார்த்துக்கொண்டார். என் புருஷனைவிட அந்த ஆளைத்தான் நான் அதிகம் வெறுத்தேன். இவர் மாட்டோடு மாடாகக் கிடக்கிறவர். அவர் தமிழ் படித்தவர். படித்த தமிழை வைத்துக்கொண்டு, முகம் தெரியாத பெண்களைப் பாழுங்கிணற்றில் தள்ளுகிறவர்.

அடுத்து என் கொழுந்தனுக்குப் பெண் தேடினார்கள். எங்கேயும் அலையவில்லை, என் தங்கையையே கேட்டார்கள். கொழுந்தன் கள்ளுக்கடையிலிருந்து திரும்பினால் மாட்டை அடிப்பான். மாடு அகப்படாவிட்டால் யார் அகப்பட்டாலும் அடிப்பான்.

“இந்தத் தடவை நீயே எழுது புள்ள. உன் கையெழுத்துன்னா உங்கப்பா நம்புவாரு. அந்தத் தடாகத்த மறந்துடாத” என்றார் என் புருஷன்.

மாட்டேன் என்றேன். அவர் கை பேசியது. பிறகு எழுதுகிறேன் என்றேன்.

ஊரில் என் கடிதத்தை வாசிக்கப்போவது தங்கைதான். அவளுக்கும் அதே பள்ளிக்கூடம்தான் எழுத்தைக் கொடுத்திருந்தது. அதனால் ஒன்றையும் மறைக்காமல் எழுதினேன். குட்டை என்று எழுதினேன். சேறு, பாசி, கொசுப்புழு, ஊறிப்போன எலி, அட்டை, நாற்றம் என்று எழுதினேன். கொழுந்தனின் கையைப் பற்றியும் எழுதினேன். ‘அவளை அனுப்பாதீர்கள். அனுப்பினால் என் பிணத்தின் மேல் நடந்துதான் அவள் இந்த வீட்டுக்குள் வர வேண்டும்’ என்று முடித்தேன். பிறகு காகிதத்தை நேராகப் பிடித்துக்கொண்டு, “தாமரை பூத்த தடாகம்” என்று புருஷனுக்கு ராகம் போட்டு வாசித்துக் காட்டினேன். அவர் தலையாட்டிக் கேட்டார்.

உறைமேல் இங்கிலீஷில் விலாசம் எழுத அதை அந்த மனிதரிடமே எடுத்துப் போனார். அவர் வாசித்துச் சொல்லிவிட்டால் என் கதி அவ்வளவுதான். அடுப்பை மூட்டுவதும் அணைப்பதுமாக இருந்தேன். திரும்பி வந்தவர் வெற்றிலை போட்ட வாயோடு, “ரொம்ப நல்லா எழுதியிருக்கியாம். அவரே மெச்சினாரு” என்றார். காட்டிக்கொடுக்கவில்லை என்று தெரிந்தது. அதற்காக நான் அவருக்கு நன்றி சொல்ல நினைக்கவில்லை. வீட்டுக்குத் தீ வைத்தவன் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் மாலையா போடுவார்கள்?

அப்பாவின் பதில் தங்கையின் கையெழுத்தில் வந்தது. ‘சம்மதம். அடுத்த கப்பலில் அனுப்புகிறேன்.’ அவ்வளவுதான்.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஆள் என் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தன் தடாகத்தை எழுதி அனுப்பியிருக்கிறார். சூலியா தெருவுக்கு நடந்தே போனேன். கடைவீதி பார்க்க அவருடைய பெட்டியை எட்டி உதைத்தேன். மசி கொட்டி நடையெல்லாம் ஓடியது.

“நான் மாத்தலம்மா. ஒறையில போட்டது ஒங்க கடுதாசிதான். அல்லா மேல ஆணை” என்றார்.

“ஒன் ஆணையும் ஒன் தாமரையும் ஒன்னுதான்” என்று மண்ணில் காறித் துப்பிவிட்டு வந்தேன்.

தீவிலிருந்து விடுபட்டவர்கள் வந்திறங்கும் படகுத்துறைக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். புருஷனும் கொழுந்தனும் பெட்டியை வாங்கப் படகடிக்குப் போன நேரம், தங்கையை இழுத்து ஓரமாக நிறுத்தினேன். இளைத்து, கண் குழிந்து இருந்தாள்.

“என் கடுதாசி வரலையாடி?”

“வந்துச்சு. நான்தான் படிச்சேன்.”

“தடாகம்னு இருந்துச்சா?”

“இல்லக்கா. குட்டைன்னு இருந்துச்சு. அட்டை, நாத்தம், அந்த ஆளு அடிக்கிறது எல்லாம் இருந்துச்சு.”

“அப்பாகிட்ட மறைச்சிட்டியா?”

“ஒரு எழுத்து விடல. திரும்பவும் படிக்கச் சொன்னாரு. படிச்சேன்.” அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “ஊர்ல மழையே இல்லக்கா. கெணறு வத்திப்போச்சு. தம்பிங்க வேற இருக்காங்க. அப்பா போய்க் கெணத்த எட்டிப் பாத்துட்டு வந்தாரு. அப்புறம், ‘குட்டையானா என்ன, அங்க தண்ணி இருக்குல்ல. ஒங்கக்கா இன்னும் சாகலையே’ன்னாரு.”

நான் அங்கேயே நின்று, என்னைப் பெற்ற தகப்பனைச் சபித்தேன். மனசுக்குள் அல்ல, வாய்விட்டு. அவன் வாயில் மண் விழ என்றேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். படகிலிருந்து இறங்கியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தங்கை பதறி என் வாயைப் பொத்தி, பெட்டியோடு வந்துகொண்டிருந்த கொழுந்தனைக் கண்ணால் காட்டினாள். “சும்மா இருக்கா. அவரு பாக்குறாரு” என்றாள்.