நசீர் பாயும் நான் சொல்லாத கடைசிப் பக்கமும்

நசீர் பாய் போய்விட்டார்.

திங்கள்கிழமை காலை கடை ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்... எழுந்திருக்கவே இல்லை. அன்றைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

இன்று வியாழன். என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. வீட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடந்துகொண்டே இதை டைப் அடிக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்கு... செங்கல்பட்டு பஜாரில் பைப், குழாய் கடை வைத்திருந்தார். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். நான் பாய் என்பேன், அவர் மச்சான் என்பார். எனக்கு மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷன் வேலை.

இரண்டு பேருக்கும் ஒரே கிறுக்கு. நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் பரிசு வாங்கிய சிறுகதைகள். அதைத் தமிழில் கொண்டுவருவது.

ஏன் அந்தக் கதைகள் என்று கேட்டால், "காப்பிரைட் முடிஞ்சி போச்சி மச்சான், எவனும் கேக்க மாட்டான்" என்பார். சும்மா சொல்வது. அந்தக் கதைகளில் வரும் பெண்களைக் கடப்பாக்கத்தில் இருக்கும் தன் சொந்தக்காரர்களைத் திட்டுகிற மாதிரியே திட்டுவார். "இவளுக்கு இன்னா அறிவு கீது? அவன்தான் வரமாட்டான்னு தெரியுதுல்ல?"

ஞாயிறு காலை கடையில்தான் எங்கள் வேலை. வாக்கியத்தின் நடுவில் யாராவது பைப் மூலைக்கு அரை இஞ்ச் எல்போ கேட்டு வருவார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, விட்ட சொல்லிலேயே தொடங்குவார்.

முதல் கதையிலேயே கடைசி வரிக்கு அடித்துக்கொண்டோம். மூன்று வாரம் பேச்சு இல்லை. பிறகு அவரே ஒரு சட்டம் போட்டார். "முழுசும் நான் எழுதறேன். கடைசி வரி மட்டும் நீ. அப்பதான் நமக்குள்ள சண்டை வராது."

பதினோரு கதைகள்... அப்படித்தான் முடித்தோம்.

அதில் ஒன்று அந்தக் கதவுக் கதை. முதல் பரிசு வாங்கியது. சண்டை போட்டுவிட்டுப் போன கணவனுக்காகப் பனிக்காலம் முழுக்கக் காத்திருக்கும் பண்ணைக்காரி. ஒரு நாள் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அவள் எழுந்துபோய்த் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். முடிந்தது.

பாய்க்கு அந்த முடிவின் மேல் பைத்தியம். "கைய வெச்சிட்டாளா? அதுக்கு மேல இன்னா வேணும்? இதுக்குதான்டா ஜட்ஜுங்க பிரைஸ் குடுத்துகிறானுங்க." இங்கே போட்டபோது நீங்களும் கொண்டாடினீர்கள். அதில் வந்த கமெண்ட்டை எல்லாம் கடைக்கு வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டினார், பாவம் வால்வு வாங்க வந்தவர்கள்.

பொங்கல் லீவில் அதே புத்தகத்தின் வேறொரு ஸ்கேன் எனக்குக் கிடைத்தது. சும்மா புரட்டினேன். அந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் இருந்தது.

நான் முதலில் டவுன்லோட் பண்ணிய பிடிஎஃபில் அந்தப் பக்கம் விட்டுப்போயிருந்தது. அடுத்த பக்கத்திலேயே புதுக் கதை தொடங்கியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பக்க நம்பரை நான் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

அவள் கதவைத் திறக்கிறாள். கணவன் இல்லை. பக்கத்துப் பண்ணைக்காரர், இரவல் வாங்கிய வாளியைத் திருப்பித் தர வந்திருக்கிறார். உட்காரச் சொல்லிக் காபி கொடுக்கிறாள். அவர் போன பிறகு கதவைத் தாழிடாமல் விடுகிறாள். அதுதான் கடைசி வரி.

பாயிடம் எப்படிச் சொல்வது? ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். தப்பு என்னுடையது, அசிங்கப்படப் போவது அவர். ஒவ்வொரு ஞாயிறும் போனேன். ஒவ்வொரு ஞாயிறும் வேறு எதையோ பேசிவிட்டு வந்தேன்.

போன ஞாயிறு அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துப் பையிலேயே வைத்திருந்தேன். அவர் புதுக் கதை ஒன்றை ஆரம்பித்துவிட்டார், நல்ல மூடில் இருந்தார். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று டீ குடித்துவிட்டுக் கிளம்பினேன். கோழை. வேறென்ன சொல்ல.

இன்று காலை ரஹ்மத் அக்காவிடமிருந்து போன். பாயின் கூடப் பிறந்த அக்கா, கடையில் அவருக்குத் துணையாக இருந்தவர். "உன் பேப்பர் ஒண்ணு இங்க கீதுப்பா. வந்து வாங்கினு போ."

போனேன். எல்போ டப்பாவுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். கொட்டேஷன் பேடில் கிழித்த தாள், பென்சில், பாயின் கோழிக் கிறுக்கல். கதவு திறக்கிறது... வாளி... காபி. அந்தப் பக்கம் முழுக்கத் தமிழில். கடைசி வரிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.

"அவனும் வேற எங்கயோ அந்தப் பக்கத்தப் பாத்துகிறான், நோம்புக்கு முன்னாடியே எழுதி வெச்சிட்டான்பா" என்றார் அக்கா. "ஒவ்வொரு ஞாயித்துக்கெயமையும் நீ இன்னாவோ சொல்ல வந்து முழுங்கினு நின்னா, இன்னிக்கு சொல்லுவான் பாருக்கான்னு என்னாண்ட சிரிச்சிகினே சொல்வான்."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அழுதுவிட்டேன்.

அந்த வரி ஆங்கிலத்தில் ஐந்தே சொல். காலையிலிருந்து எழுதி எழுதி அடிக்கிறேன். வரவில்லை.

பேஜாரு பண்ணாதீங்க பாய். ஞாயித்துக்கெயம அந்த வரிய கடைக்கு எடுத்துனு வரேன்.