சுமலதா இடுப்பில் மூன்று ஃபியூஸ் கட்டை

முத்தியால்பேட்டையில் மாவு மில் வைத்திருக்கும் சுமலதா அக்கா ஒரு முறை முறைத்தால் போதும். ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிய ரயில் தானே நின்று, பின்னாலேயே வந்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகும். கப்பல்கள் புதுச்சேரிக் கரைக்கு வராமல் தூரத்திலேயே நிற்பதும் அவளுக்குப் பயந்துதான். மில் மோட்டார் எம்மாத்திரம்?

அப்பேர்ப்பட்டவளுக்கு அடங்காதது ஒன்றே ஒன்று: புருஷன் கலைவாணனின் வலது கை.

மூடிப்போன துணி ஆலையில் இருபத்திரண்டு வருஷம் பழகிய கை. பெல்ட் கழன்றால் அங்கே மெஷினை நிறுத்த மாட்டார்களாம். ஓடுகிற சக்கரத்திலேயே உள்ளங்கையால் ஒரு தள்ளு, ஏறிவிடும். சீக்கிரம் ஏற்றியவருக்கு மற்றவர்கள் டீ வாங்கித் தரவேண்டும். கலைவாணன் அங்கே சொந்தக் காசில் டீ குடித்ததே இல்லை. கூட வேலை பார்த்த சாமிக்கண்ணு இப்போதும் அரிசி அரைக்க வருவார். அவருக்கு வலது கையில் இரண்டே விரல். பை முடிச்சை அவர் பல்லால் அவிழ்க்கும்போதெல்லாம் சுமலதாவின் கண் புருஷன் கைக்குத்தான் போகும்.

அவள் வழி வேறு. பெல்ட் கழன்றால் முதலில் சுவிட்சை அணைப்பாள். சுவரில் இருக்கும் மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொள்வாள். சக்கரம் சுற்றி ஓய்ந்து அசையாமல் நின்ற பிறகுதான் பெல்ட்டை மூடியிருக்கும் கம்பிக்கூண்டைத் திறப்பாள். கரண்ட் போயிருந்தாலும் இதே சடங்குதான். "போன கரண்டு சொல்லிட்டா திரும்பி வரும்?" என்பாள்.

"இந்நேரத்துக்கு நான் நாலு பெல்ட்டு மாட்டியிருப்பேன்" என்பார் கலைவாணன்.

"மாட்டுவீங்க. சாமிக்கண்ணு அண்ணனையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து மாட்டுங்க."

பொங்கலுக்கு முந்தின வாரம். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. சுமலதா வாசலில் மிளகாய் எடை போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே டப்பென்று சத்தம், பெல்ட் கழன்றுவிட்டது. மோட்டார் மட்டும் சும்மா சுற்றியது.

"இன்னாங்க, இன்னும் எவ்ளோ நேரம்?" என்றாள் உள்ளே நின்ற பூர்ணிமா டீச்சர்.

"ஒரே நிமிஷம் டீச்சர்" என்று கலைவாணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கூண்டின் கொக்கிக்குக் கையைக் கொண்டுபோனார். கொக்கியில் பச்சைப் பாம்பு ஒன்று தொங்கியது. யாரோ ஒரு புண்ணியவான் மாட்டிவைத்த ரப்பர் பாம்பு.

"யம்மா!" என்று பின்னால் துள்ளியவர் டீச்சரின் மிளகாய்த்தூள் டப்பா மேலேயே உட்கார்ந்துவிட்டார். வரிசையே சிரித்தது. சுமலதா சிரிக்கவில்லை. ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள், மூன்று கட்டைகளையும் பிடுங்கினாள். இந்தத் தடவை இடுப்பில் செருகவில்லை. அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"இத புடிங்க. சக்கரம் நிக்கட்டும். டீ நான் வாங்கித் தரேன்."

தும்மிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சக்கரம் மெதுவானது.

"நின்னுச்சா?" என்றார்.

"இன்னும் இல்ல."

"இப்போ?"

"இப்போ நின்னுச்சு. போங்க."

அன்றிலிருந்து பெல்ட் கழன்றால் கட்டைகள் கலைவாணன் சட்டைப்பைக்குப் போகும். டீயும் நிற்கவில்லை.

இதை எழுதிய பக்கத்து வீட்டுப் பையன் போன ஞாயிற்றுக்கிழமை மில்லில் வைத்து அவளுக்குப் படித்துக் காட்டினான். ரயில் வந்த இடத்தில் சிரித்தாள். பாம்பு வந்த இடத்தில் கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டாள்.

"புண்ணியவானா? டேய் நிலவா, இதே பாம்ப தீபாவளிக்கு எங்கம்மா மடியில போட்டது யாரு?"

"அண்ணன் கைய வைக்கக்கூடாதுன்னுதாங்க்கா..."

"அது தெரியும். அதனாலதான் இத்தினி நாளா கேக்கல. அவரு பின்னாடி துள்ளினாரு, சரி. மோட்டாரு ஓடிட்டிருந்துச்சு. முன்னாடி சாஞ்சிருந்தா?"

நிலவன் தாளுக்குக் கையை நீட்டினான்.

"இதையும் எழுது" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.