யாரும் படுக்காத மாடிக்கு வரி

கட்டிய புருஷனுக்குச் சோறு ஊட்ட நான் நேரம் கேட்டுக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக்கில் எங்கள் வீட்டிலிருந்து பேருந்து மாறிப் போனால் அந்தப் பராமரிப்பு இல்லம். வாசலில் பெயர் பதிந்து, கை கழுவி, ‘விசிட்டர்’ என்ற ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிக்கொண்ட பிறகுதான் அவர் வாயில் ஒரு கவளம் வைக்கலாம். பக்கவாதத்தில் அவருக்கு இடப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறும், புத்தி தெளிவு. நான் தேக்காவில் ஒரு மளிகைக்கடைக் கல்லாவில் உட்கார்ந்தால்தான் அடுப்பெரியும் என்பதால், பகலில் அவரைத் தூக்கிவிட வீட்டில் ஆளில்லை. போகும்போதெல்லாம் ஒரே கேள்விதான். “எப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவே?”

கூட்டிப்போக வீட்டோடு ஒரு பணிப்பெண் வேண்டும், மருத்துவக் கட்டில் வேண்டும், சக்கர நாற்காலி நுழையும்படி குளியலறையை மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே வழி, தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டை விற்பது. இல்லத்தின் சமூக ஊழியரிடம் இதைச் சொன்னேன். சீனப் பெண், நல்ல பிள்ளை. கண்ணை அகல விரித்து, “வாவ், ஆன்ட்டி, செகண்ட் ஹோம் வச்சிருக்கீங்களா? ஹாலிடே ஹவுஸ் லா!” என்றது. இந்த ஊரில் இரண்டாவது வீடு என்றால் பணக்காரர் சமாச்சாரம். எங்களுக்கு அதுதான் முதல் வீடு, இங்கே இருப்பதுதான் இரண்டாவது என்று இந்தப் பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது? “யெஸ், ஹாலிடே” என்று சொல்லித் தொலைத்தேன்.

அந்த வீட்டின் மாடி இவர் கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்து, ஓவர்டைம் பார்த்து அனுப்பிய காசில் எழுந்தது. ஓய்வு பெற்றதும் மேலே நாங்கள், கீழே வாடகைக்கு என்று ஏற்பாடு. மேலேதான் காற்று நன்றாக வரும் என்பார் இவர். கீழ்வீட்டுக்கு அரையாண்டு தவறாமல் வரி கட்டினோம். மாடியைப் பற்றி மட்டும் நகராட்சியிடம் மூச்சு விடவில்லை. சிங்கப்பூர்க் காசில் மாடி எடுத்த எங்கள் தெருக்காரர்கள் ஒருத்தரும் விட்டதில்லை. “அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்” என்றார்கள், நாங்களும் தலையாட்டினோம். இங்கே சமையலறையில் ஒரு சுவரை இடிக்க அனுமதி கேட்டு மாதக்கணக்கில் காத்திருந்த அதே மனுஷன்தான், அங்கே ஒரு மாடியையே கமுக்கமாக எழுப்பினார். நம்மாட்களின் ஒழுக்கமெல்லாம் சாங்கி விமான நிலையத்தோடு சரி.

விற்கலாமா என்று கேட்டபோது, “நல்ல குடும்பமாப் பாத்துக் குடு” என்றார். வலது கையால், ஊரில் தன் தம்பியே விற்றுக்கொடுக்கும்படி அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டார்.

வாங்க வந்தவர் ஒரு நெல் வியாபாரி. மொத்த வரிப் பாக்கியையும் தீர்த்துக் கொடுத்தால்தான் பத்திரம் என்று ஒற்றைக்காலில் நின்றார். நகராட்சியிலிருந்து வரி வசூலிக்கும் பில் கலெக்டர் வந்து வீட்டை அளந்தார். நான் இங்கே கடையின் பின்பக்கம், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே நின்று போனில் அவரிடம் பேசினேன்.

“அம்மா, கீழ்வீடு சரியா இருக்கு. மேல ஒரு வீடு நிக்குதே, அது எங்க கணக்குல இல்லீங்களே?”

“அதுல யாருமே ஒரு ராத்திரி கூடப் படுத்ததில்ல சார்.”

“படுத்தாலும் படுக்காட்டியும் வரி வரிதாம்மா. மாடி கட்டுன வருஷத்துலேருந்து போடணும். பாதாளச் சாக்கடைக்கும் சேரும்.”

“சாக்கடைக்கா? மேல ஒரு சொம்புத் தண்ணி ஊத்தலையே சார்!”

“சிங்கப்பூர்ல எல்லாத்தையும் கரெக்டாக் கட்டுவீங்களாமே?” என்றார். நக்கலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார்.

கை வளையல்களைத் தேக்காவில் அடகு வைத்துப் பணம் அனுப்பினேன். அடகுக்கடைக்காரர் தராசில் வைத்தபோது அவமானமாக இருந்தது. ஊரில் மாடி எழுப்பி வைத்திருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, உங்களைத்தான் சொல்கிறேன். உடம்பு நன்றாக இருக்கும்போதே போய்ச் சொல்லி, வரியைக் கட்டிவிடுங்கள். பணம் சேர்ந்ததும் பில் கலெக்டரே கூப்பிட்டார். “இப்பதாம்மா உங்க மாடி ஆபீஸ் கணக்குல ஏறியிருக்கு” என்றார். மறுவாரம் பத்திரம் பதிவாகி, அது எங்கள் மாடியாக இல்லாமல் போனது.

இவர் வீட்டுக்கு வந்துவிட்டார். ஜன்னலோரம் கட்டில், பக்கத்தில் பணிப்பெண். தேங்காய்ச் சட்னியைக் காரம் போதவில்லை என்று வைகிறார். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. அப்போதுதான் என் கொழுந்தன் செல்வராசு ஊரிலிருந்து போன் செய்தான்.

“அண்ணி, அந்தாளு மனைக்காகத்தான் வாங்கியிருக்கான். பொக்லைன் வந்து நிக்குது. மாடியைத்தான் முதல்ல இடிக்கிறாங்க.”

கட்டிலிலிருந்து இவர் தலையைத் திருப்பினார்.

“யாரு, செல்வராசா? வாங்குனவங்க குடி வந்துட்டாங்களா?”

“வந்துட்டாங்க.”

“மேலயா, கீழயா?”

“மேலதாங்க. காத்து நல்லா வருதாம்.”

“நான் அப்பவே சொன்னேன்ல” என்று பாதி வாயால் சிரித்தார்.

செல்வராசு இன்னும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் கான்கிரீட் உடைகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இவருக்குக் கேட்டுவிடாமல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.